டிவிக்குப் பின்னால் ஒரே ஒரு ஓட்டை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் எங்கள் வீட்டுக்குப் புது டிவி வந்தது. சுவரில் காலண்டர் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மாட்ட வந்த பையனிடம், "தம்பி, இந்த டிவிடி பிளேயரையும் இதுல சேர்த்துக் கொடுத்துடு" என்றேன். அவன் செல்போன் வெளிச்சத்தில் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல மஞ்ச ஓட்டையே இல்லம்மா. இதையெல்லாம் இன்னுமா வச்சிருக்கீங்க? தூக்கிப் போடுங்க" என்றான்.

எனக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் இதே பிளேயரை வைத்துக்கொண்டு இதே மாதிரி நின்றிருக்கிறேன். அன்று டிவி பழசு, பிளேயர் புதுசு. இன்று டிவி புதுசு, பிளேயர் பழசு. இரண்டு முறையும் இல்லாமல் போனது அந்த மஞ்சள் ஓட்டைதான்.

டிவியின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் திரையில் என்ன வந்தது என்றே எழுதுகிறார்கள். பின்பக்கத்துச் சரித்திரத்தை யாரும் எழுதக் காணோம். அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

நம் நாட்டில் டிவி முதலில் வந்தது டெல்லியில், 1959 செப்டம்பர் 15. பம்பாய்க்கு 1972இல் போனது. சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15. அப்போது நான் பள்ளி மாணவி. சென்னையில் டிவி வந்துவிட்டது என்று செய்தித்தாளில் படித்ததோடு சரி. திருச்சி அங்கிருந்து முன்னூறு கிலோமீட்டருக்கு மேல். சென்னைக் கோபுரத்தின் அலை இங்கே வந்து சேராது.

எங்கள் பக்கம் பலர் முதலில் பார்த்த டிவி சென்னை டிவி அல்ல, இலங்கை டிவி. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. மொட்டை மாடியில் உயரமான இரும்புக் குழாய் நட்டு, உச்சியில் ஆன்டெனா கட்டி, கூடவே ஒரு பூஸ்டரும் போட்டு, காற்று சாதகமாக இருந்தால் படம் தெரியும். இல்லாவிட்டால் மழை பெய்கிற மாதிரி புள்ளி புள்ளியாக ஓடும். ஒருவர் மாடியில் குழாயைத் திருப்புவார், ஒருவர் வாசலில் நிற்பார், ஒருவர் டிவி முன்னால் இருப்பார். "வருதா?" "வரல!" "இப்ப?" "வந்துச்சு, வந்துச்சு, ஐயோ போச்சு!" பொன்மலை ரயில்வே காலனியில் அந்தக் காலத்தில் சாயங்காலம் ஆனால் கேட்கிற சத்தம் இதுதான்.

1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி கலர் ஒளிபரப்பு வந்தது. 1984 வாக்கில் நாடு முழுக்கச் சின்னச் சின்ன ஒளிபரப்பு நிலையங்களை அரசு வேகமாக அமைத்தது. பிறகு கொடைக்கானல் மலை மேல் கோபுரம் எழுந்தது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்க டிவி இருக்கிற வீட்டுத் திண்ணையில் இடம் பிடித்த தலைமுறை நாம்.

அப்பா பொன்மலைப் பணிமனையில் ஃபிட்டர். 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்த பணிமனை அது. 1987இல் சொசைட்டியில் கடன் போட்டு ஒரு கலர் டிவி வாங்கினார். அப்போது சாலிடேர், டயனோரா என்று சென்னையிலேயே தயாராகும் டிவிகளுக்கு நல்ல பெயர். அப்பா வாங்கியதும் சென்னையில் செய்ததுதான். மரப் பெட்டி, முன்னால் எட்டுப் பொத்தான்கள். ஒரு சின்ன மூடியைத் திறந்தால் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு பல் சக்கரம் இருக்கும். நகத்தால் திருப்பித் திருப்பி நிலையத்தைப் பிடிக்க வேண்டும். கடன் அடைய மூன்று வருஷம் ஆனது. கடைசித் தவணை கட்டியதும் அப்பா ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பொன்மலைப்பட்டியில் வீடு பார்த்தோம். டிவி மாட்டு வண்டியில் என் மடியில் உட்கார்ந்து வந்தது.

அந்த டிவியின் பின்பக்கம் ஒரே ஒரு ஓட்டைதான். ஆன்டெனா வயர் செருகுகிற ஓட்டை. அன்று அதுவே போதும். படம் வெளியிலிருந்து வர அந்த ஒரு வழிதான் உண்டு.

பிறகு வந்தது 'டெக்கு'. விசிஆர் என்று யாரும் சொன்னதில்லை, டெக்குதான். கல்யாண வீடு, காதுகுத்து, கோயில் திருவிழா என்றால் டெக்கும் டிவியும் வாடகைக்கு வரும். ராத்திரி முழுக்க மூன்று படம். அந்த டெக்கும் இதே ஆன்டெனா ஓட்டை வழியாகத்தான் டிவிக்குள் போனது. எப்படி? டெக்குக்குள் ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையமே இருந்தது. கேசட்டில் இருக்கிற படத்தை அது ஓர் அலையின் மேல் ஏற்றி அனுப்பும். டிவிக்கு அது தூர்தர்ஷனா, பக்கத்தில் இருக்கிற டெக்கா என்று தெரியாது. புதிதாக ஒரு நிலையம் வருகிறது என்று நினைத்துக்கொள்ளும். அதற்காக ஒரு பொத்தானை ஒதுக்கி, பல் சக்கரத்தைத் திருப்பி அந்த அலையைப் பிடிப்பார்கள். பழைய வீடியோ கேம் பெட்டிகளும் இதே வழியில்தான் வந்தன. 1993இல் சன் டிவி தொடங்கிக் கேபிள்காரர்கள் தெருத்தெருவாக வயர் இழுத்தபோது அதுவும் அதே ஓட்டைக்குத்தான் வந்தது.

1990களில் வந்த கலர் டிவிகளில்தான் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டைகள் பரவலாயின. மஞ்சள் படத்துக்கு, வெள்ளை இடப்பக்கச் சத்தத்துக்கு, சிவப்பு வலப்பக்கச் சத்தத்துக்கு. அந்தக் குமிழ் வடிவப் பின்னுக்கு வயது அதிகம். 1930களில் அமெரிக்காவில் ஆர்சிஏ கம்பெனி கிராமபோனை ரேடியோவோடு சேர்க்க உண்டாக்கியது. அதனால்தான் இன்றும் கடையில் 'ஆர்சிஏ பின்' என்று கேட்கிறோம். பாட்டி காலத்துப் பின்னைத்தான் டிவிடிக்கும் போட்டிருக்கிறார்கள்.

டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானில் முதலில் விற்பனைக்கு வந்தது. நம் ஊருக்கு உடனே வரவில்லை. இங்கே முதலில் ஆட்சி செய்தது விசிடி. ஒரு படத்துக்கு இரண்டு மூன்று தட்டு. ஒரு டிவிடியில் ஒரு பக்கத்தில் 4.7 ஜிபி கொள்ளும். விசிடி தட்டைப் போல ஆறு மடங்குக்கு மேல். முழுப் படமும் ஒரே தட்டில், தெளிவும் அதிகம். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருகிறவர்கள் திருச்சி விமான நிலையத்தில் இறங்கும்போது பெட்டியில் ஒரு டிவிடி பிளேயர் இருப்பது 2000க்குப் பிறகு சாதாரணமாயிற்று.

எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தது. 2005 பொங்கலுக்கு சிங்கப்பூரிலிருந்து வந்த என் தம்பி கொண்டுவந்தான். கூடவே ஒரு தட்டு. அதுதான் முக்கியம்.

தம்பியின் கல்யாணம் 1989இல் நடந்தது. வீடியோ எடுத்திருந்தோம். எல்லோர் முகத்திலும் லைட் அடித்து, எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற அந்தக் காலத்து வீடியோ. அம்மா 1997இல் தவறிவிட்டார். அம்மாவின் புகைப்படங்கள் நாலைந்து உண்டு. ஆனால் அம்மா நடப்பதும் பேசுவதும் அந்த ஒரு கேசட்டில் மட்டும்தான் இருந்தது. பீரோவில் வைத்திருந்த கேசட்டில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியதைப் பார்த்துத் தம்பி அதை முந்தின வருஷம் எடுத்துப் போய், அங்கே ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துச் சுத்தம் செய்து டிவிடியாக மாற்றி வந்திருந்தான்.

அப்பாவுக்கு அப்போது எழுபத்து மூன்று வயது. ஈஸிசேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நாங்கள் டிவியைத் திருப்பினோம். ஒரே ஓட்டை. கையில் மூன்று பின்.

என் பையன் அப்போது பிளஸ் டூ. இயற்பியல் படிக்கிறோம் என்ற தைரியத்தில் மஞ்சள் பின்னை அப்படியே ஆன்டெனா ஓட்டையில் வைத்து அழுத்தினான். ஒன்றும் வரவில்லை. எல்லாப் பொத்தானையும் அமுக்கினான். வரவில்லை. தம்பி, "விடுங்கப்பா, நாளைக்கே புது டிவி வாங்கிடலாம்" என்றான்.

"மூணு வருஷம் கடன் கட்டுன பெட்டி. அதுல ஓடாதா?" என்றார் அப்பா. அவ்வளவுதான். எழுந்து போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு டிவி மெக்கானிக் இருந்தார். பெயர் வேண்டாம், அவர் பிள்ளைகள் இதைப் படிப்பார்கள். 80களில் டெக்கு வாடகைக்கு விட்டவர். டெக்குக் காலம் போனதும் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்துவிட்டார். அவரைக் கூட்டி வந்தோம். டிவியின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு என் பையனிடம் சொன்னார்: "தம்பி, இந்த மஞ்ச வயர்ல வர்றது வெறும் சரக்கு. இந்த ஓட்டைக்குள்ள வண்டி மேல ஏத்துன சரக்குதான் போகும். வண்டி யாரு கொடுக்கிறது?"

அப்பா திண்ணையிலிருந்து திரும்பிப் பார்த்தார். இந்தப் பேச்சு அவருக்குப் புரிந்த பேச்சு. "டிரான்சிஷன் கப்ளிங் மாதிரி எதுவும் கிடையாதா?" என்று கேட்டார். ரயிலில் பழைய மாதிரிப் பெட்டிக்குத் திருகுக் கொக்கி இருக்கும். புது மாதிரிக்கு நடுவில் கைகோத்த மாதிரி வேறு கொக்கி. இரண்டும் நேராக மாட்டாது. இரண்டையும் சேர்க்க நடுவில் ஓர் இடைக்கொக்கி போடுவார்கள். அதுதான் டிரான்சிஷன் கப்ளிங்.

"இருக்கு ஐயா. என்கிட்டயே இருக்கு" என்று போன மெக்கானிக், பரண் மேல் தூசியோடு கிடந்த தன் டெக்கைச் சுமந்துகொண்டு வந்தார்.

பிளேயரின் மஞ்சள் பின்னையும் வெள்ளைப் பின்னையும் டெக்கின் உள்வாங்கும் ஓட்டைகளில் செருகினார். அது பழைய டெக்கு, சத்தத்துக்கு ஒரே ஓட்டைதான். டெக்கிலிருந்து வயரை டிவியின் ஆன்டெனா ஓட்டைக்குக் கொடுத்தார். எட்டாவது பொத்தானை அமுக்கி, பக்கத்துச் சின்ன விசையை 'யு' என்ற எழுத்துக்குத் தள்ளி, பல் சக்கரத்தை மெல்லத் திருப்பினார். புள்ளி மழை. இன்னும் கொஞ்சம். நீலமாக ஒரு திரை எழுந்தது. வீடே கை தட்டியது.

முதலில் சோதனைக்காகத் தம்பி வாங்கி வந்த ஒரு சினிமா டிவிடியைப் போட்டோம். படம் வந்தது, சத்தமும் வந்தது. ஆனால் சில நொடிக்கு ஒரு தடவை படம் இருண்டு போகும், பிறகு பளீரென்று வெளுக்கும், மறுபடி இருளும். யாரோ லைட்டை அணைத்து அணைத்துப் போடுகிற மாதிரி. "டிவி போச்சு" என்றேன் நான்.

"போகல டீச்சர். டிவியும் நல்லாருக்கு, டெக்கும் நல்லாருக்கு. இது பூட்டு" என்றார்.

அது என்ன பூட்டு என்று பிறகுதான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். கேசட்டைப் பார்த்து இன்னொரு கேசட்டில் பதிவு செய்வதைத் தடுக்க 1980களின் நடுவில் அமெரிக்காவில் ஒரு முறை கண்டுபிடித்தார்கள். படத்தின் ஒரு சட்டத்துக்கும் அடுத்த சட்டத்துக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் பொய்யான மின் துடிப்புகளை வைத்துவிடுவார்கள். டிவி அதைக் கண்டுகொள்ளாது. ஆனால் டெக்குக்குள் வெளிச்சத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கிற ஒரு சுற்று இருக்கிறது. அது அந்தத் துடிப்பைப் பார்த்து ஏமாந்து, படம் அதிகப் பளிச்சாக இருக்கிறது என்று குறைக்கும், பிறகு கூட்டும். டிவிடி பிளேயர்களிலும் அதே பூட்டை வைத்தார்கள். திருடனுக்குப் போட்ட பூட்டு. ஆனால் பழைய டிவி வைத்திருந்தவன் படம் பார்க்கக்கூட டெக்கு வழியாகத்தான் போக வேண்டியிருந்ததால், அவனும் வெளியே நின்றான்.

"வீட்டுல எடுத்த கல்யாணத் தட்டுல பூட்டு இருக்காது. அதைப் போடுங்க" என்றார் மெக்கானிக்.

போட்டோம். படம் அசையாமல் நின்றது. மண்டப வாசல், வாழைமரம், பன்னீர்ச் செம்பு, பட்டுப் பாவாடையில் என் மகள். கொஞ்ச நேரத்தில் பச்சைப் புடவையில் அம்மா வந்தார்.

ஆனால் சத்தம் இல்லை. அம்மா வாயசைக்கிறார், கையைக் காட்டி யாரையோ அழைக்கிறார், ஒன்றும் கேட்கவில்லை. டிவியின் சத்தத்தை முழுக்கக் கூட்டினோம். உஸ் என்ற இரைச்சல்தான். "அந்தக் கேசட்டே அப்படித்தான் போலிருக்கு" என்றான் தம்பி. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் ஒரு நிமிஷம் யோசித்தார். "சினிமாத் தட்டுல சத்தம் வந்துச்சுல்ல? அப்ப வயர்ல குறை இல்ல. இந்தத் தட்டுல ஒரு பக்கம் மட்டும் சத்தத்தை ஏத்திருக்கானுக" என்று சொல்லி, வெள்ளைப் பின்னைப் பிடுங்கிவிட்டுச் சிவப்புப் பின்னைச் செருகினார்.

நாதஸ்வரம் பாதியில் புறப்பட்டது. அதற்கு மேலே அம்மாவின் குரல்: "யாரும் சாப்பிடாமப் போயிடாதீங்க. மாடியில பந்தி நடக்குது."

எட்டு வருஷம் கழித்துக் கேட்ட குரல். அதற்குப் பிறகு வீடியோக்காரர் அந்தக் கால வழக்கப்படி சினிமாப் பாட்டைப் போட்டு எல்லாப் பேச்சையும் மூடிவிட்டார். மூன்று மணி நேரத்தில் அம்மா பேசுவது அந்த இரண்டு வாக்கியம்தான். அப்பா கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்கும் அவளுக்குப் பந்திக் கவலைதான்" என்றார். பிறகு மெக்கானிக்கைப் பார்த்து, "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார்.

மறுவாரம் மெக்கானிக் ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். 'மாடுலேட்டர்' என்று பெயர். டெக்குக்குள் இருக்கிற அந்தக் குட்டி நிலையத்தை மட்டும் தனியாகப் பிரித்த மாதிரி. ஒரு பக்கம் மஞ்சள், வெள்ளை ஓட்டை. மறுபக்கம் ஆன்டெனா வயர். நடுவில் டெக்கு இல்லாததால் பூட்டும் ஏமாந்தது. சினிமாவும் இருளாமல் ஓடியது. கேபிள்காரர்கள் தங்கள் அறையில் வைத்திருக்கும் பெரிய மாடுலேட்டருக்கு இது தம்பி.

பிறகு காலம் வேகமாக ஓடியது. 2006 செப்டம்பர் 15 முதல் தமிழ்நாடு அரசு இலவசக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கியது. 14 அங்குலம். ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போயின. என் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளில் நான் பார்த்த அந்தப் பெட்டிகளில் மஞ்சள் ஓட்டை இருந்தது. 2007இல் மோசர் பேயர் கம்பெனி விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்க வந்தது. மளிகைக் கடையில்கூடச் சினிமாத் தட்டு தொங்கிய காலம் அது. டிவியே இல்லாத வீட்டுப் பிள்ளைகள் இரண்டே வருஷத்தில், "டீச்சர், நேத்து எங்க வீட்டுல டிவிடி பார்த்தோம்" என்று வந்து சொன்னார்கள். அந்த இரண்டு விலைக்கும் அந்த மஞ்சள் ஓட்டைக்கும் அதில் பங்கு உண்டு.

அதுவும் பத்து வருஷம்தான். பென் டிரைவ் வந்தது, செல்போன் வந்தது, தட்டுக்கு வேலை போய்விட்டது. தூர்தர்ஷனும் 2022க்குள் பழைய அனலாக் ஒளிபரப்பைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. மொட்டை மாடியில் குழாயைத் திருப்பி 'வருதா?' என்று கேட்ட அந்த ஆன்டெனா ஓட்டைக்கு வெளியிலிருந்து அனுப்ப இன்று அநேகமாக யாரும் இல்லை.

புது டிவிக்கு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். சிங்காரத்தோப்புப் பக்கம் போய் ஒரு கடையில் கேட்டேன். உள்ளங்கை அளவு ஒரு பெட்டி கொடுத்தார்கள். ஒரு பக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு. மறுபக்கம் எச்டிஎம்ஐ. மீண்டும் ஓர் இடைக்கொக்கிதான். அதை மாட்டியதும் 1989 கல்யாணம் 43 அங்குலத்தில் ஓடியது. படம் கொஞ்சம் மங்கல், ஆட்கள் கொஞ்சம் குண்டு. ரிமோட்டில் 4:3 என்று மாற்றியதும் எல்லோரும் பழையபடி ஆனார்கள்.

புதியதைக் கண்டுபிடித்தவர்களின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. பழையதைத் தூக்கிப் போடாமல் புதியதோடு சேர்த்து வைத்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. பொன்மலைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊட்டி மலை ரயிலின் நீராவி இன்ஜினுக்கு இன்றும் வேலை பார்க்கிற பணிமனை நம்முடையது. அந்த மெக்கானிக் இப்போது இல்லை, அப்பாவும் இல்லை. அன்று வாங்கிய அந்தச் சின்ன மாடுலேட்டர் மட்டும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

முப்பத்தைந்து வருஷம் பாடம் நடத்திய பழக்கத்தில் கடைசியாக மூன்று வீட்டுப்பாடம்:

1. உங்கள் வீட்டுப் பீரோவில் பழைய வீடியோ கேசட் இருந்தால் இந்த மாதமே எடுத்துப் பாருங்கள். பூஞ்சை பிடித்திருந்தால் எந்த டெக்கிலும் போடாதீர்கள். படமும் போகும், டெக்கும் போகும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் முதலில் கொடுங்கள்.

2. மாற்றி வாங்கியதும் முழுவதும் ஓட்டிப் பாருங்கள். சத்தம் இல்லை என்றால் அவசரப்பட்டு 'கேசட்டே அப்படித்தான்' என்று முடிவு கட்டாதீர்கள். வெள்ளையில் இல்லாதது சிவப்பில் இருக்கலாம்.

3. ஏற்கெனவே தட்டாக மாற்றியவர்கள் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஸ்டூடியோவில் எழுதிக் கொடுத்த தட்டும் நாளாவட்டத்தில் கெடும். இன்னும் இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

உங்கள் வீட்டில் முதல் டிவிடி பிளேயரை யார் மாட்டிக் கொடுத்தார்கள்? அந்தத் தெரு மெக்கானிக்கை ஞாபகம் இருந்தால் இரண்டு வரி எழுதுங்கள். நம் தெருவில் யாராவது எழுதி வைத்தால்தான் உண்டு.